தூண்டில் தக்கை ஆடுகிறது, புழு காணாமல் போகிறது, மீன் மாட்டவில்லை: பதில்

நீங்கள் 4ஆம் எண் தூண்டில் முள்ளில் முழு மண்புழுவைக் கோர்த்துப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். தக்கை (நூலில் கட்டும் மிதவை) துடிதுடித்துவிட்டு மூழ்காமல் நின்றால் பெரும்பாலும் சின்ன மீன்கள் புழுவின் வாலைப் பிடித்து இழுக்கின்றன, முள் அவற்றின் வாய்க்குள் போகவே இல்லை. முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும், அதனால் 10 அல்லது 12க்கு மாறுங்கள். புழுவையும் ஒரு விரற்கடைத் துண்டாகக் கிள்ளி, வால் தொங்காமல், முள்ளின் நுனி மட்டும் லேசாக வெளியே தெரியும்படி கோர்த்துப் பாருங்கள்.

அப்புறம் தக்கை. பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது என்றீர்களே, அவ்வளவு மிதந்தால் மீன் இழுக்கும்போது பாரம் தெரிந்து உடனே துப்பிவிடும். நுனி மட்டும் தெரியும்வரை நூலில் சின்ன ஈயக்குண்டை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எனக்கு அதிகம் பலன் கொடுத்தது இதுதான், முள்ளை மாற்றியதைவிட.

முள்ளின் கூர்மையை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் கரையில் வீச வேண்டாம், யார் காலிலாவது ஏறும்.

தக்கை துடிக்கும்போதே வெடுக்கென்று இழுக்காதீர்கள். அது சரிந்து நகரும்போதோ உள்ளே போகும்போதோ மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினால் போதும். அப்போதும் சில்லறை மீன்களே மொய்த்தால் இரையை அடித்தரை வரை இறக்குங்கள், பெரிய கெண்டைகள் பலவும் அங்கேதான் மேயும்.