வாத்தியாரைக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி

கேள்வி: அணைக்கரைக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தை ஒட்டி எங்களுக்குத் தென்னந்தோப்பும் பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. மும்பையிலிருந்து யூதப் பிள்ளைகள் இருபது பேர், எல்லாம் பதினாலு பதினாறு வயது, 2026 ஜூலை 26 முதல் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கக் கேட்கிறார்கள். படகு, சைக்கிள், நீச்சல் எல்லாம் உண்டாம். ‘இறால் கூடாது, பாத்திரம் புதுசாக வேண்டும், வெள்ளி சாயங்காலத்துக்கு மேல் எங்கும் வர மாட்டோம்’ என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, அணைக்கரை

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள், அம்மா. முப்பது வருஷம் சாரணர் முகாம் நடத்தியவன் நான். ஆனால் இந்தப் பாடம் படித்தது நியூ ஜெர்சியில், மகள் வீட்டில். அடுத்த வீட்டுக்காரர் இப்படி ஒரு முகாமுக்குச் சமையல் பொறுப்பாளர். எனக்கும் வேறு வேலை இல்லை, பட்டியல் போட கூட உட்கார்ந்துவிட்டேன். தாளை எடுத்ததும் அவர் முதலில் எழுதியது வெள்ளிக்கிழமையைத்தான். மற்ற நாட்களை அதிலிருந்து பின்னோக்கி நிரப்பினார்.

உங்களுக்கு அது ஜூலை 31. நம் பக்கம் பொழுது சாய ஆறரை தாண்டும். அதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்பே மெழுகுவத்தி ஏற்றி, ‘சபாத்’ என்னும் வாராந்தர ஓய்வுநாளைத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக் கூடாது, ஸ்விட்ச் தொடக் கூடாது, வண்டி ஏறக் கூடாது, பேனா பிடிக்கக் கூடாது. ஆகவே பிச்சாவரம் படகுச் சவாரியைப் புதன்கிழமையே வைத்துவிடுங்கள். வெள்ளியன்று போய், திரும்பும்போது சிதம்பரத்தில் டயர் பஞ்சரானால் முகாம் நடுரோட்டில்தான். சனிக்கிழமைச் சாப்பாடு முதல் நாளே வெந்து, தணலில் சூடாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு உமி அடுப்பைக் காட்டுங்கள், விடமாட்டார்கள். விளக்கு, ஃபேன் எது வேண்டுமோ அதை முன்பே போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ‘நீங்கள் போடுங்களேன்’ என்று உங்களிடம் கேட்பதும் அவர்களுக்கு முறையில்லை.

மும்பைக்காரர்களுக்கு இது பரம்பரைப் பழக்கம். கொங்கணக் கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்த யூதர்களை ஊரார் ‘சனிவார் தேலி’ என்பார்களாம். சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர் என்று அர்த்தம்.

மீனில் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். விரால், கெண்டை ஆகும். கெளுத்தி, விலாங்கு, நண்டு ஆகாது. தோலை உரிக்காமல் கொடுங்கள், செதிலை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கோழி வாங்க ஓடாதீர்கள், அறுக்க முறை தெரிந்த அவர்கள் ஆளே வேண்டும். அடுப்பைப் பற்றவைப்பதையும் அவர்களிடமே விடுங்கள். கும்பகோணத்தில் எவர்சில்வர் வாங்கினால் பெயர் வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டிக்கரைப் பசையோடு எடுத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் தடவி அரைமணி ஊறவிட்டால் வந்துவிடும். புதுப் பாத்திரத்தை ஆற்றில் முழுக்க முக்கி எடுத்துத்தான் புழங்குவார்கள். நடுவில் பசைப்பொட்டு ஒட்டியிருந்தால் தண்ணீர் படாத இடம் என்று ஆகிவிடும்.

எனக்குக் கவலை சாப்பாட்டில் இல்லை, நீச்சலில்தான். மேட்டூர் நிரம்பினால் உபரி வந்து சேரும் வடிகால் கொள்ளிடம். ஒரு முகாமில் என் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நடந்து போனான், அடுத்த அடியில் ஆளைக் காணோம். மணல் அள்ளிய குழி. மேலே தெரிந்த தலைமுடியைப் பிடித்து இழுத்தோம். அன்றோடு ஆற்றில் நீச்சல் என்ற பேச்சையே எடுத்துவிட்டேன். உங்கள் தோப்பில் பம்ப்செட் தொட்டி இருக்குமே, போதும். பிச்சாவரத்தில் லைஃப் ஜாக்கெட் போடாதவனைப் படகில் ஏற்றாதீர்கள். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பவனை முதலில் நிறுத்துங்கள்.

தேதியை யோசித்துத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த ஜூலை 23 அவர்களுக்குத் துக்க நோன்பு, எருசலேம் ஆலயம் இடிந்த நாள். தண்ணீர்கூட குடிக்காமல் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாளோடு முடியும் ஒன்பது நாளும் பலர் விளையாட்டுக்கு நீந்துவதில்லை. 2025-இல் அந்த நோன்பு ஆகஸ்ட் 3 அன்று விழுந்தது. நாம் காவிரியில் மாவிளக்கு வைத்த அதே பதினெட்டாம் பெருக்கு!

முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக இருக்கச் சொல்லுங்கள். இந்த முறை பெருக்கு ஆகஸ்ட் 3, திங்கள். கரையில் நின்று பார்க்கட்டும். சித்திரான்னம் கேட்டால் மட்டும், படையலுக்கு வைத்ததை நீட்டாதீர்கள். அது அவர்களுக்கு ஆகாது. வாங்கின புதுப் பாத்திரத்தில் அவர்களே புளியோதரை கிளறட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பக்குவம் சொல்லுங்கள்.