லைன் சிமுலேஷன்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: சார், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. பம்ப் அசெம்பிளி லைனை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க சிமுலேஷன் செய்யப் போகிறோம். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். ஜாம்சிம் இலவசம். பைத்தான் தெரிந்தால் சிம்பை இருக்கிறது, அதுவும் இலவசம். முதலில் ஸ்டாப்வாட்சோடு லைன் பக்கம் போய் நில்லுங்கள் தம்பி.

கேள்வி: ஸ்டேஷனுக்கு ஐந்து ரீடிங் எடுத்து ஆவரேஜ் போட்டால் போதுமா?

போதாது. முப்பது நாற்பதாவது வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது, இரவு ஷிஃப்ட்டின் கை வேகம் வேறு. நீங்கள் பக்கத்தில் நின்றால் ஆபரேட்டர் வேலை செய்யும் விதமே மாறிவிடும், அதனால் முதல் நாள் ரீடிங்கை நான் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். மெஷின் பழுதாகி நின்ற நேரத்தை சைக்கிள் டைமுக்குள் (ஒரு பீஸை முடிக்க ஆகும் நேரம்) கலக்கவே கலக்காதீர்கள்.

கேள்வி: எதற்கு இத்தனை பில்டப்? ஐந்து மெஷின், எல்லாம் பீஸுக்கு 60 வினாடி, எல்லாம் 90 சதவீத நேரம் ஓடும். மணிக்கு 54 பீஸ். எக்செல் போதும்.

இந்த 54-ஐ நம்பி ஆர்டர் ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நடுவில் பீஸ் வைக்க இடமே இல்லாத லைனில் ஒரு மெஷின் நின்றால் மற்ற நான்கும் நிற்கும். பின்னால் இருப்பவனுக்குப் பீஸ் வராது, முன்னால் இருப்பவனுக்கு முடித்ததை இறக்கிவைக்க இடம் இருக்காது. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கலாம் என்றால்தான் உங்கள் 54.

அவரே: சரி, 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் 59 சதவீதம். மணிக்கு 35. அதுவும் எக்செல்தானே?

இங்கேதான் வழுக்குவீர்கள் என்று தெரியும்! சும்மா நிற்கும் மெஷினும் பழுதாகும் என்றால் 35 சரி. ஆனால் கட்டர் தேய்வதும் பீஸ் சிக்குவதும் ஓடும்போதுதான். அப்படிப்பட்ட லைனுக்குக் கணக்கு வேறு: ஒவ்வொரு மெஷினும் ஓடும் நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பழுதில் போகிறது, ஐந்துக்கும் கூட்டினால் 5/9, ஓடும் நேரம் 1-ஐயும் சேர்த்தால் 1.556, ஒன்றை அதனால் வகுத்தால் 64 சதவீதம். மணிக்குச் சுமார் 39 பீஸ். சாஃப்ட்வேரில் பழுதுக்கான கடிகாரம் எப்போதும் ஓடுமா, வேலை நேரத்தில் மட்டும் ஓடுமா என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைத் திறந்தே பார்க்காமல் ரிப்போர்ட் எழுதுகிறார்கள்.

அவரே: கையாலேயே 39 வந்துவிட்டதே, அப்புறம் சிமுலேஷன் எதற்கு?

நியாயமான கேள்வி. பஃபர், அதாவது நடுவில் பீஸ் வைக்கும் இடம், இல்லாத லைனுக்குத் தேவையில்லை. நடுவில் பத்துப் பீஸ் இடம் கொடுத்தால் 39-க்கும் 54-க்கும் இடையில் எங்கே நிற்கும்? அதற்குத்தான் தேவை. 90 நிமிடம் ஓடி 10 நிமிடம் நிற்பதும் 90 சதவீதம்தான், 9 நிமிடம் ஓடி 1 நிமிடம் நிற்பதும் 90 சதவீதம்தான். இரண்டாவதற்கு ஓரிரு பீஸ் இடம் இருந்தாலே பெரிய உதவி. முதலாவதற்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. உங்கள் எக்செல்லில் இரண்டும் ஒன்று! மாடல் சரியா என்று பார்க்கவும் இதே எண்கள் உதவும்: பஃபரைப் பூஜ்யமாக்கினால் 39 வர வேண்டும், மிகப் பெரிதாக்கினால் 54-ஐ நெருங்க வேண்டும்.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட் சார்?

முதல் பதில்.

கேள்வி: எங்கள் முதலாளி எல்லா மெஷினும் 95 சதவீத நேரம் சும்மா நிற்காமல் ஓட வேண்டும் என்கிறார்.

வேலை ஒழுங்கில்லாமல் வந்து, முடிக்கும் நேரமும் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று காட்டுங்கள். எளிய வரிசைக் கணக்கிலேயே 80 சதவீதத்தில் சராசரியாக 4 பீஸ் தேங்கும், 90-இல் 9, 95-இல் 19. பீஸ் வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: மெஷினை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலர் ப்ரோகிராமில் ஒரு டவுட்...

என் துறை இல்லை.

கேள்வி: ஃப்ளெக்ஸ்சிம்மா, அரினாவா? 3டி எதில் அழகாக வரும்?

ஐயா, முதல் பதில்! பொம்மை அழகாக நடந்தால் மேனேஜர் கைதட்டுவார், தப்பான எண்ணுக்கும் சேர்த்து.

எக்செல்காரர் மறுபடியும்: சிம்பையில் போட்டுப் பார்த்தேன். பஃபர் 500 கொடுத்தும் 54 வரவில்லையே?

எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்?

அவரே: ஒரு ஷிஃப்ட். ஒரு தடவை.

காலி லைனிலிருந்து, எட்டு மணி நேரம், ஒரே தடவை! பஃபர் நிரம்பவே அதைவிட நேரமாகும். ஒரு வருஷம் ஓட்டுங்கள், கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலை இல்லை. ஆரம்ப சில வாரங்களை வெட்டி எறியுங்கள், ரேண்டம் எண் வரிசையை மாற்றி மாற்றிப் பத்து தடவையாவது ஓட்டி, பத்து விடையையும் இங்கே போடுங்கள். ஆவரேஜை மட்டும் போடாதீர்கள்.