லேண்ட் ட்ரஸ்ட்டில் வீடு வாங்கலாமா? அமெரிக்காவில் வாடகை வீடு வைத்திருப்பவர்களின் கேள்விகள்

அமெரிக்காவில் வாடகைக்கு விட வீடு வாங்கும் நம்மவர்கள் நடுவே லேண்ட் ட்ரஸ்ட் பேச்சு கூடிக்கொண்டே போகிறது. வார இறுதி செமினார் ஒன்றுக்குப் போய் வந்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தில் டைட்டில் கம்பெனியில் (வீட்டின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம்) வேலை பார்த்தவள், சொந்தமாகவும் ட்ரஸ்ட்டில் வீடு வைத்திருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாநிலத்து வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

நேப்பர்வில்லிலிருந்து: அக்கா, லேண்ட் ட்ரஸ்ட் என்றால் என்ன? எங்களிடம் ஏற்கெனவே லிவிங் ட்ரஸ்ட் இருக்கிறதே?

வீட்டின் பத்திரம், உங்களுக்காக அதை வைத்திருக்கும் ட்ரஸ்டி பெயரில் இருக்கும். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவேட்டில் "இன்ன வங்கி, இன்ன தேதி ஒப்பந்தப்படி, ட்ரஸ்ட் எண் இவ்வளவு" என்று மட்டும் தெரியும். அந்த ஒப்பந்தம் பதிவாவதில்லை. உங்கள் பீரோவில் தூங்கும். வாடகை வாங்குவது, வீட்டைப் பராமரிப்பது, விற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் பயனாளியான உங்கள் கையில். நீங்கள் எழுத்தில் உத்தரவு கொடுக்காமல் ட்ரஸ்டி ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது.

இது சிகாகோவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேர்விட்ட ஏற்பாடு. நகரமன்ற உறுப்பினர்கள் தாங்கள் ஓட்டுப் போடும் திட்டங்களுக்குப் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்ததை மறைக்கத்தான் இது பிரபலமானது என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, சிகாகோக்காரர்கள் யாரும் மறுக்க மெனக்கெடுவதில்லை.

லிவிங் ட்ரஸ்ட்டில் உங்கள் சொத்தெல்லாம் சேரும், பெரும்பாலும் நீங்களே ட்ரஸ்டி. லேண்ட் ட்ரஸ்ட்டில் வழக்கமாக ஒரே ஒரு சொத்து, ட்ரஸ்டி வேறொருவர். இரண்டும் போட்டி இல்லை. லேண்ட் ட்ரஸ்ட்டின் பயனாளியாக லிவிங் ட்ரஸ்ட்டையே போடுபவர்கள் நிறைய பேர்.

டாம்பாவிலிருந்து: வாடகைக்காரர் படியில் வழுக்கி விழுந்து கேஸ் போட்டால், ட்ரஸ்ட் நம்மைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. வீட்டை நடத்துவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. லேண்ட் ட்ரஸ்ட் ஜன்னல் திரை மாதிரி: உள்ளே யார் என்று தெரியாது, ஆனால் கல் எறிந்தால் தடுக்காது. பொறுப்பைத் தடுக்க எல்.எல்.சி. (உங்கள் சொந்தச் சொத்தை வழக்கிலிருந்து பிரித்து வைக்கும் கம்பெனி) வேண்டும், அதற்கும் முன்னால் நல்ல வாடகை வீட்டு இன்ஷூரன்சும் அதன் மேல் ஓர் அம்ப்ரெல்லா பாலிசியும் (முதல் இன்ஷூரன்ஸ் போதாதபோது கைகொடுக்கும் கூடுதல் இன்ஷூரன்ஸ்) வேண்டும். "அசெட் ப்ரொடெக்‌ஷன்" (சொத்துப் பாதுகாப்பு) என்று இதை விற்பவரிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேட்டுப் பாருங்கள்.

சாம்பர்க்கிலிருந்து: என் பெயர் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதுவாவது நடக்குமா?

எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் உங்கள் பெயரில் வாங்கி, ஆறு மாதம் கழித்து ட்ரஸ்ட்டுக்கு மாற்றினால் பழைய பத்திரம் அங்கேயே கிடக்கும். ஒரு நிமிடத் தேடலில் அகப்படும். வாங்கும்போதே ட்ரஸ்டி பெயரில் வாங்க வேண்டும். ஆனால் சாதாரண வங்கிக் கடனில் வாங்கினால், அடமானப் பத்திரமும் கவுண்டியில் பதிவாகும், அதில் கடனாளி என்று உங்கள் பெயர் வந்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே மறைப்பு என்பது பெரும்பாலும் ரொக்கத்துக்கு வாங்குபவர்களுக்குத்தான் முழுதாகக் கைகூடும்.

சின்னச் சின்னக் கசிவுகளும் உண்டு. ட்ரஸ்ட்டுக்குக் குடும்பப் பெயரை வைப்பது, சொத்து வரி பில்லை வீட்டு முகவரிக்கு வரவழைப்பது, வாடகைக்காரரைக் காலி செய்ய வைக்கும் வழக்கில் உங்கள் பெயரையே வாதியாகப் போடுவது. கோர்ட் கேட்டால் பயனாளி யார் என்று சொல்லியே ஆக வேண்டும். இல்லினாயில் கட்டட விதி மீறல் விவகாரம் வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் அமைப்பு 2024 ஆகஸ்ட்டில் ஒரு விதி வெளியிட்டது. வங்கிக் கடன் இல்லாமல் ட்ரஸ்ட் அல்லது எல்.எல்.சி. பெயருக்கு வீடு மாறினால், பின்னால் இருப்பவர் யார் என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமல் தேதி தள்ளிப்போனது, வழக்குகளும் நடந்தன. இன்றைய நிலையை க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் இறுதிக் கையெழுத்து) முன் டைட்டில் கம்பெனியிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மறைப்பது வேறு, அரசிடமிருந்து மறைப்பது வேறு. இரண்டாவதற்கு நான் ஆளில்லை.

சார்லட்டிலிருந்து: வீட்டுக் கடன் இருக்கும்போது ட்ரஸ்ட்டுக்கு மாற்றினால் வங்கி முழுக் கடனையும் உடனே கேட்குமாமே?

கேட்கலாம். ஏறக்குறைய எல்லா அடமானப் பத்திரத்திலும் "ட்யூ ஆன் சேல்" என்ற ஷரத்து உண்டு: சொத்தைக் கைமாற்றினால் மீதிக் கடன் முழுவதையும் கேட்கும் உரிமை. 1982ஆம் வருஷத்து கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் இதில் சில விலக்குகள் கொடுத்தது. ஐந்துக்கும் குறைவான குடியிருப்புகள் கொண்ட வீட்டை ட்ரஸ்ட்டுக்கு மாற்றும்போது, கடன் வாங்கியவரே பயனாளியாக இருந்து, பயனாளியாகவே தொடர்ந்து, குடியிருக்கும் உரிமையும் கைமாறாமல் இருந்தால் வங்கி அந்த ஷரத்தை எடுக்க முடியாது.

செமினார்காரர்கள் இதுவரை சரியாகத்தான் சொல்வார்கள், அடுத்த படியில்தான் கோளாறு. "இப்போது பயனாளி உரிமையை உங்கள் எல்.எல்.சி.க்கு மாற்றிவிடுங்கள், அது பதிவாகாது, வங்கிக்குத் தெரியாது" என்பார்கள். மாற்றிய நொடியே கடன் வாங்கியவர் பயனாளி இல்லை, விலக்கும் போச்சு. பொறுப்பிலிருந்து காக்கும் படிதான் கடன் விலக்கை உடைக்கும் படி. இந்த முடிச்சை அவர்கள் சொல்வதே இல்லை. போதாக்குறைக்கு, இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறை கடனாளி குடியிருக்கும் வீட்டைப் பற்றியே பேசுவதால், வாடகை வீட்டுக்கு விலக்கு பொருந்துமா என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் உங்கள் கடனை 2016 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியிருந்தால், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எல்.எல்.சி.க்கு நேராகவே மாற்ற அதன் விதிகள் இடம் தருகின்றன. ட்ரஸ்ட்டைச் சுற்றி வருவதைவிட அதை முதலில் விசாரியுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: விற்பவரின் 3 சதவீத வட்டிக் கடனை அப்படியே விட்டுவிட்டு, வீட்டை ட்ரஸ்ட்டில் போட்டு நான் எடுத்துக்கொள்ளலாமா?

மேலே சொன்ன அதே சிக்கல், இன்னும் மோசமாக. தவணை ஒழுங்காக வந்தால் வங்கிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் சந்தை வட்டி ஏறிய காலத்தில் 3 சதவீதக் கடனைத் திரும்பப் பெற வங்கிக்கு ஆசை இருக்காதா? மொத்தத் தொகையையும் ஒரே மாதத்தில் புரட்ட வழி இருந்தால் யோசியுங்கள். விற்பவருக்கும் இந்த ஆபத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். கடன் இன்னும் அவர் தலையில்தான்.

ஃபிரிஸ்கோவிலிருந்து: டெக்சாஸில் செல்லுமா சிஸ்டர்?

இல்லினாய், ஃப்ளோரிடா போல அங்கே தனி லேண்ட் ட்ரஸ்ட் சட்டம் இல்லை. டெக்சாஸ் சொத்துச் சட்டம் 112.032 பிரிவுப்படி, ட்ரஸ்டிக்கு அதிகாரமும் இல்லை கடமையும் இல்லை என்றால் சொத்து நேராகப் பயனாளிக்கே போய்ச் சேர்ந்துவிடும். இணையத்தில் இறக்கிய ஃப்ளோரிடா படிவத்தைப் பயன்படுத்தாதீர்கள். ட்ரஸ்டிக்கு உருப்படியான வேலை ஏதாவது கொடுத்து எழுத வேண்டும்.

வரி மிச்சமாகுமா? 1031 எக்ஸ்சேஞ்ச் (விற்ற பணத்தில் வேறு முதலீட்டுச் சொத்து வாங்கி லாப வரியைத் தள்ளிப்போடுவது) செய்யலாமா?

மிச்சமாகாது. ட்ரஸ்ட்டே இல்லாததுபோல் வாடகையை உங்கள் வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் ஈ-யில் காட்ட வேண்டும். 1031 செய்யலாம், இல்லினாய் வகை ட்ரஸ்ட்டில் உள்ள உரிமை நிலச்சொத்தாகவே கொள்ளப்படும் என்று ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) 1992-லேயே சொல்லிவிட்டது.

ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், அடுத்த வருஷம் சென்னைக்கே திரும்புகிறோம். வீட்டை ட்ரஸ்ட்டில் போட்டுவிட்டுப் போகலாமா?

உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அமெரிக்கக் குடிமகனும் இல்லை, இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவரும் இல்லை என்ற நிலை வந்தால், இங்குள்ள சொத்துக்கு எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான வரி) விலக்கு வெறும் 60,000 டாலர். பின்னர் விற்றால் விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து ஐ.ஆர்.எஸ்.-க்குக் கட்டுவார், கணக்குக் காட்டித்தான் மீதியைத் திரும்பப் பெற வேண்டும். லேண்ட் ட்ரஸ்ட் இந்த இரண்டையும் மாற்றாது. அது செய்யக்கூடிய நல்லது ஒன்று: அடுத்த பயனாளி யார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், இங்கே ப்ரோபேட் கோர்ட் (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றித்தரும் கோர்ட்) அலைச்சல் குறையும். வேறு மாநிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பயன் உண்டு. என்னைக் கேட்டால் லேண்ட் ட்ரஸ்ட்டுக்கு மிக நேர்மையான காரணம் இதுதான்.

ஏழைகளுக்கு வீடு தரும் கம்யூனிட்டி லேண்ட் ட்ரஸ்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது லாப நோக்கமற்ற அமைப்பு நிலத்தை வைத்துக்கொண்டு, மேலே உள்ள வீட்டை மட்டும் குறைந்த விலைக்கு விற்பது. 1969-ல் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ் அதற்கு முன்னோடி. அதை யோசித்தவர்களுக்கு கிராமத்து நிலத்தை ஊருக்கே பொதுவாக்கச் சொன்ன வினோபா பாவேயின் கிராமதான இயக்கமும் ஒரு தூண்டுதல். முதலீட்டுப் பேச்சுக்கு நடுவில் இது எவ்வளவு தூரம் என்று பாருங்கள்!

கோயம்புத்தூரில் அப்பா கொடுத்த இடத்துக்கும் இதே மாதிரி செய்யலாமா?

வேண்டாம். 1882 இந்திய ட்ரஸ்ட் சட்டப்படி, உயில் மூலமாக இல்லாவிட்டால் நிலத்துக்கான ட்ரஸ்ட் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். ஆகவே ரகசியம் கிடையாது, முத்திரைத்தாள் செலவு உண்டு. பேருக்கு ஒருவரை வைத்தால் பினாமிச் சட்டத்தின் வாயில் போய் விழுவீர்கள். நல்ல உயில் ஒன்று போதும்.

கடைசியாக, ட்ரஸ்டியாக மச்சானைப் போடலாமா?

மச்சான் மீது தீர்ப்பு, விவாகரத்து, வரி பாக்கி எதுவந்தாலும் அவர் பெயரில் உள்ள உங்கள் வீட்டின் டைட்டிலில் ஒரு கேள்விக்குறி எழும். விற்கும் நேரத்தில் வக்கீல் செலவு. அவர் காலமானால் அடுத்தவர் யார் என்று எழுதியிருக்கவும் வேண்டும். இல்லினாயில் இதற்கென்றே ட்ரஸ்ட் கம்பெனிகள் வருடக் கட்டணத்துக்குச் செய்கின்றன. மற்ற மாநிலங்களில் வக்கீலைப் போடுவார்கள். யாரைப் போட்டாலும் பத்திரம் மாறும் அன்றே வீட்டு இன்ஷூரன்ஸில் ட்ரஸ்ட்டின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். டைட்டில் இன்ஷூரன்ஸ் (வீட்டின் உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு தரும் இன்ஷூரன்ஸ்) தொடருமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.