துளை போடும் இடம் சிறியதுதானே, காட்டுக்கு என்ன ஆகிவிடும்?

கேள்வி: அமேசானில் எண்ணெய் எடுப்பதை ஏன் இவ்வளவு எதிர்க்கிறார்கள்? அவ்வளவு பெரிய காட்டில் கிணறு போடும் இடம் ரொம்பக் கொஞ்சம்தானே?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ போர்வெல் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். துளை ஆறரை அங்குலம்தான். ஆனால் ரிக் லாரி உள்ளே வர வேலியைப் பிரிக்க வேண்டும், குறுக்கே நீட்டும் கிளைகளை வெட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் வாசல் முழுக்கச் சேறு. எண்ணெய்க் கிணறும் அப்படித்தான். துளைக்குப் போகும் பாதையும், துளையிலிருந்து வெளியே வரும் தண்ணீரும்தான் காட்டை அழிக்கின்றன.

அமேசானில் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் யாசுனி தேசியப் பூங்கா. 2013 முதல் அந்தச் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். அங்கே ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 650க்கும் மேற்பட்ட மர வகைகளை எண்ணியிருக்கிறார்கள். அப்படியென்றால் பல வகைகளுக்கு அந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ மரம்தான் நிற்கும். "கொஞ்சம் இடம்தான்" என்று வெட்டும்போது எது போகிறது என்று வெட்டுகிறவருக்கே தெரியாது.

உங்கள் கேள்வியில் இருக்கும் வாதத்தைத்தான் அந்த அரசும் சொன்னது. 2013இல் நாடாளுமன்றம் அனுமதித்தது பூங்காவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 1,030 ஹெக்டேர். 2018இல் அதையும் 300 ஆகக் குறைத்தார்கள். தாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் 1990களில் அதே காட்டுக்குள் ஓர் எண்ணெய்ச் சாலை போட்டார்கள். வெளியாட்கள் குடியேறாதபடி சோதனைச் சாவடி வைத்தும் வேட்டை பெருகியது. முன்பு குடும்பத்துக்காக வேட்டையாடியவர்கள், சாலையும் வண்டியும் வந்தபின் பொம்பேயா என்ற ஊரின் வாரச் சந்தைக்குக் காட்டு இறைச்சியைக் கொண்டுபோய் விற்றார்கள். சாலையின் அகலத்தை அளந்தால் இந்தச் சேதம் கணக்கில் வராது.

அப்புறம் தண்ணீர். எண்ணெயோடு சேர்ந்து உப்பும் நச்சும் கலந்த நீர் மேலே வரும், கிணறு பழசாகப் பழசாக இன்னும் அதிகமாக வரும். யாசுனிக்கு வடக்கே லாகோ அக்ரியோ பகுதியில் டெக்சகோ என்ற அமெரிக்க நிறுவனம் நடத்திய எண்ணெய் வயல்களிலிருந்து 1972 முதல் 1990 வரை ஓடைகளிலும் ஆறுகளிலும் விட்ட நீர் ஏறத்தாழ 6,000 கோடி லிட்டர். குளிக்கவும் குடிக்கவும் அந்த ஆறுகளை நம்பியிருந்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். இன்று அந்த நீரைத் திருப்பிப் பூமிக்குள்ளேயே செலுத்துகிறோம் என்கிறார்கள். சரி, எடுத்த எண்ணெய் குழாயில்தானே போகிறது? 2020 ஏப்ரலில் கோக்கா ஆற்றின் கரை அரித்துக் குழாய்கள் முறிந்து, 15,000 பீப்பாய்க்கு மேல் ஆற்றில் கலந்தது. கொரோனா ஊரடங்கு நேரம் அது. கீழ்க்கரையில் இருந்த கிச்வா பழங்குடிக் குடும்பங்கள் மீனும் தண்ணீரும் இல்லாமல் தவித்தன. அதைப் படித்த நாள் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அந்தக் காட்டில் வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று விலகி வாழும் தகாயேரி, தரோமெனானே மக்களும் இருக்கிறார்கள். நமக்கு வரும் சாதாரண சளிக்காய்ச்சலே அவர்களைக் கொல்லலாம்.

"ஏழை நாடு, வேறு என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2007இல் அதிபர் ரஃபேல் கொரேயா உலகத்திடம் ஒரு பேரம் வைத்தார்: யாசுனியில் இருக்கும் எண்ணெயின் மதிப்பில் பாதியை, 360 கோடி டாலரைத் தாருங்கள், 84 கோடி பீப்பாயையும் மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். ஆறு வருடத்தில் கைக்கு வந்தது 1.3 கோடி டாலர் அளவில்தான். 2013 ஆகஸ்டில் திட்டத்தைக் கைவிட்டார், 2016இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். பணக்கார நாடுகள் மீது எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

ஆனால் இளைஞர்கள் விடவில்லை. யாசுனிடோஸ் என்ற அமைப்பு 7 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டியது. தேர்தல் அதிகாரிகள் அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். ஏறத்தாழ பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 20 அன்று நாடே வாக்களித்தது. சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெய் மண்ணிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: எண்ணெய் எடுக்கும் ஒரெயானா, சுகும்பியோஸ் மாகாணங்களில் பெரும்பான்மை எடுப்பதைத் தொடரச் சொன்னது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருடமாக எண்ணெயைத் தவிர வேறு வேலை அங்கே வளர்க்கப்படவில்லை. அந்த வேலைக்கு மாற்று தருவதும் எதிர்ப்பவர்களின் கோரிக்கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீதிமன்றம் வெளியேறக் கொடுத்த அவகாசம் ஒரு வருடம். அது முடியும் 2024 ஆகஸ்டில் அரசு முதல் கிணற்றை மூடியது. மொத்தம் 247 கிணறுகள். மீதியை மூட 2029 இறுதி வரை ஆகும் என்றது.