எஸ்தோனியாவும் டோர்டோய் சந்தையும்

வணக்கம் சார்,

எஸ்தோனியா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சோவியத் யூனியனிலிருந்து பிரிந்ததும் இறக்குமதி வரியை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பின்னாலேயே நல்ல நீதிமன்றமும் நேர்மையான நிர்வாகமும் வந்துவிட்டன. அப்படியென்றால் வணிகத்தைத் திறந்துவிட்டாலே மற்றதெல்லாம் தானாகச் சீராகிவிடும், இல்லையா?

கவிதா

அன்புள்ள கவிதா,

எஸ்தோனியாவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கூடவே கிர்கிஸ்தானையும் பாருங்கள். முன்னாள் சோவியத் குடியரசுகளில் உலக வர்த்தக அமைப்பில் முதலில் சேர்ந்தது அந்த நாடுதான், 1998 டிசம்பரில். எஸ்தோனியா அடுத்த ஆண்டு நவம்பரில்தான் சேர்ந்தது.

கிர்கிஸ்தானின் திறந்த வணிகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலைநகர் பிஷ்கெக்கை ஒட்டிய டோர்டோய் சந்தையைப் பார்க்க வேண்டும். கப்பல் கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கீழே கடை, மேலே கிடங்கு. சீனத் துணியும் செருப்பும் வீட்டுச் சாமானும் அங்கே இறங்கி கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா என்று போகும். ஏராளமான குடும்பங்கள் அதனால் பிழைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வணிகத்துக்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. வாங்குவதும் விற்பதும் ரொக்கத்தில். வரிக்குப் பதில் மொத்தமாக ஒரு கட்டணம், கணக்குப் புத்தகம் வேண்டாம். சுங்கத்தில்தான் பணம் புரண்டது. கிர்கிஸ்தானுக்கு அனுப்பியதாகச் சீனா காட்டிய தொகைக்கும், வந்து இறங்கியதாகக் கிர்கிஸ்தான் காட்டிய தொகைக்கும் பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கோடி டாலர் வித்தியாசம். சுங்கத் துறையின் முன்னாள் துணைத் தலைவர் ஒருவர் 2021இல் ஊழலை ஒப்புக்கொண்டார். அரசுக்குச் சுமார் 200 கோடி சோம் (அந்நாட்டு நாணயம்) கட்டியதால், அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். இடையில் 2005, 2010, 2020 என்று மூன்று முறை மக்கள் தெருவில் இறங்கி ஆட்சி கவிழ்ந்தது.

எஸ்தோனியாவில் இறக்குமதி வரியே ஏறக்குறைய இல்லாததால் சுங்க அதிகாரி சலுகை காட்ட வழியில்லை. சரி, அது ஒரு பங்குதான். நீங்கள் சொல்வதுபோல் சட்டம் பின்னாலேயும் வரவில்லை, கூடவே வந்தது. திவால் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெரிய வங்கிகள் முடங்கியபோது, 32 வயதுப் பிரதமர் மார்ட் லாரின் அரசு டார்ட்டு கமர்ஷியல் வங்கியைக் காப்பாற்றாமல் மூடவிட்டது. அப்புறம், யாரிடம் விற்கிறோம் என்பதும் முக்கியம். பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இருந்த வாடிக்கையாளர்கள் தரச் சான்றும் ஒப்பந்தமும் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 31 அத்தியாயங்களாகச் சட்டங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டோர்டோயில் சரக்கு எடுக்க வந்தவர்கள் இதில் எதையும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2004 மே மாதம் ஒன்றியத்தில் சேர்ந்தபோது எஸ்தோனியா வெளிநாட்டுச் சரக்குகளுக்கு வரி ஏற்ற வேண்டியதாயிற்று! சர்க்கரை விலை ஏறப்போகிறது என்று ஜாம் காய்ச்சுகிற வீடுகள்வரை முன்கூட்டியே வாங்கிக் குவித்தார்கள். அளவுக்கு மீறிய கையிருப்பு என்று சொல்லி ஒன்றியம் 4.5 கோடி யூரோவுக்கு மேல் கட்டச் சொன்னது. எஸ்தோனியா ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது, 2009இல் தோற்றது.