காட்டோரக் கேள்விகள்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற வனவர், வேலூர்

கேள்வி: ஐயா, வணக்கம். தாவரவியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். அப்பா கைத்தறி நெய்கிறார். காட்டுயிர்ப் பாதுகாப்பில் தன்னார்வலராகச் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ள ஆசை. வெளிமாநிலத்தில் 15 நாள் பயிற்சி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 38,000 ரூபாய். விலங்குக் குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துச் சேரலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும், மகளே.

பணம் வாங்குகிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. சோறு, தங்க இடம் என்று செலவு உண்டு. நல்ல இடங்களும் வாங்கத்தான் செய்கின்றன. என்னை உறுத்துவது அந்த ‘தூக்கி வைத்துப் படம்’. காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டி மனுஷ வாசனைக்குப் பழகக் கூடாது. பொறுப்பான மீட்பு மையத்தில் ஓரிரண்டு பேர்தான் அதன் கிட்டேயே போவார்கள். வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுக்கிற இடத்தில் என்ன பாதுகாப்பு நடக்கும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1987 கோடை. ஒடுகத்தூர்ப் பக்கம் தண்ணீர் தேடி இறங்கிய பெண் புள்ளிமான் ஒன்றை நாய்கள் துரத்த, அது சுற்றுச்சுவர் இல்லாத கொல்லைக் கிணற்றில் விழுந்துவிட்டது. கயிறும் வலையும் போட்டு மேலே கொண்டுவந்தோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு தரம் தடவிக் கொடுத்தார்கள், குழந்தைகள் கீரைத்தண்டு நீட்டினார்கள். நானும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் அகல விரிந்திருந்தது, விலா படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்தோம். விடியற்காலையில் செத்துக் கிடந்தது.

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார்: பிடிபட்ட மான் பயத்திலும் திமிறலிலும் தன் தசையையே சிதைத்துக்கொள்ளும், சிறுநீரகம் போய்விடும், சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துவிடும். கண்ணைத் துணியால் மூட வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும், பேச்சே கூடாது, சீக்கிரம் காட்டோரம் விட்டுவிட வேண்டும். கிணற்றில் சாகாத மான் எங்கள் கையில் செத்தது. அன்றிலிருந்து, காட்டு விலங்கைத் தொடுவதைப் பயிற்சி என்று யார் சொன்னாலும் என் மனசு ஒப்புவதில்லை.

சரி, எங்கே கற்றுக்கொள்வது? நீங்கள் இருக்கிற ஊரையே பாருங்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுக் காட்டை ஒட்டி ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயம் கிடக்கிறது. பல தலைமுறையாக யானையே இல்லாத அந்தப் பக்கத்துக்கு 1980களில் யானைகள் வந்து சேர்ந்தன. அதன் பிறகுதான், 1990இல், அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். யானைக்கு மாநில எல்லை ஏது? நம் பக்கத்து மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் இறங்குகிறது. இதைப் படிக்க வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறி வர வேண்டும். உங்களுக்கு டவுன் பஸ் போதும்.

முதல் பாடத்துக்கு ஒரு சணல் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் யானையின் முன்னங்கால் தடம் வட்டமாகவும் பின்னங்கால் தடம் கொஞ்சம் நீள்வட்டமாகவும் பதிந்திருக்கும். முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்தால், அதைப் போல இரண்டு மடங்கு அதன் தோள் உயரம். கயிறு 4 அடி வந்தால் யானை ஏறக்குறைய 8 அடி. பக்கத்தில் லத்தி கிடந்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள். மாங்கொட்டை, கரும்புச் சக்கை, மூங்கில் நார், சில சமயம் பிளாஸ்டிக் கவரும் இருக்கும். நேற்று ராத்திரி அது எங்கே சாப்பிட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். தேதி, மணி, இடம், தடத்தின் அளவு, லத்தியில் இருந்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். இதையும் தனியாகச் செய்யாதீர்கள். லத்தி சூடாக இருந்தால் யானை தூரத்தில் இல்லை என்று அர்த்தம். வனத்துறை வாட்சரோடுதான் போக வேண்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டாவது வேலை உண்ணிச்செடி. பூ பார்க்க அழகுதான். அழகுச்செடியாகத்தான் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அது காட்டில் பரவி மூடிக்கொண்டு, மான் மேயும் புல்லையே காணோம். வேலிகாத்தான் மாதிரிதான் இதுவும், மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே தாய்வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்தபடி காயட்டும். பழம் விடுமுன் இதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பறவைகள் விதையைக் கொண்டுபோய்விடும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமும் அதே இடத்துக்குப் போய்க் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பலரும் முதல் நாள் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதில்லை. திரும்பி வருகிறவர்தான் எங்களுக்கு வேண்டும்.

தை, மாசியில் தீத்தடுப்புக் கோட்டில், அதாவது தீ தாண்டாமல் இருக்க வெறுமையாக்கி வைக்கிற பாதையில், சருகு வாருகிற வேலையும் கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எரிகிற மலைக்குத் தன்னார்வலர் போகக் கூடாது. தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மேலே இருக்கிற புல்லைத் தன் சூட்டாலேயே காயவைத்துக்கொண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களுக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மாவட்ட வன அலுவலருக்கு வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். வயது, படிப்பு, ரத்த வகை, வாரத்தில் எந்த நாள் வர முடியும், வீட்டில் சம்மதமா என்று நான்கு வரி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து நேரில் போங்கள். ஒரு வருஷம் நோட்டு நிறைந்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. அந்த நோட்டோடு போனால் நீங்கள் வெறுங்கையோடு போகிறவர் இல்லை.

கேள்வி: என் பையன் பிளஸ் டூ. கடலாமை பார்க்கச் சென்னைக்கு ராத்திரி நடைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
– ஒரு தாய், சத்துவாச்சாரி

பதில்: தாராளமாக அனுப்புங்கள், பரீட்சைக்கு இடைஞ்சல் இல்லாத வாரமாகப் பார்த்து. அந்த நடையை நடத்துவது மாணவர்கள் சேர்ந்து 1988இல் தொடங்கிய அமைப்பு. ஜனவரியிலிருந்து சில மாதம், நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் ராத்திரி முழுக்க மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல் இடும். நாயும் மனுஷனும் எடுக்காமல் அதைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வரும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். கடலைவிடத் தெருவிளக்கு பளிச்சென்று இருந்தால் ரோட்டுக்குப் போய்விடும். அதனால் பையன் செல்போன் விளக்கைப் போடவே கூடாது என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். பல ராத்திரி ஒன்றுமே கண்ணில் படாமல் நடந்து திரும்புவான். அதற்கும் அவன் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: யானையை எண்ண வருகிறார்கள், காலடியை அளக்க வருகிறார்கள். ஒரே ராத்திரியில் என் வாழைத்தோட்டம் போனதைக் கேட்க ஒருவரும் வரவில்லை. உங்கள் தன்னார்வலர்களால் எனக்கு என்ன பிரயோசனம்?
– ஒரு விவசாயி, பேர்ணாம்பட்டு

பதில்: அண்ணே, உங்கள் கோபம் நியாயம். சேதத்துக்கு அரசு இழப்பீடு உண்டு. ஆனால் விழுந்த மரங்களைக் கணக்கெடுத்துப் படம் பிடித்து, சிட்டா, அடங்கல் சேர்த்து மனு எழுதி, உடனே வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து நம்பர் வாங்க வேண்டும். இரண்டு நாள் தூங்காமல் கிடந்தவருக்கு அதற்குத் தெம்பு எங்கே இருக்கும்? கோபத்தில் சிலர் வேலிக்குத் திருட்டுக் கரண்ட் வைக்கிறார்கள், அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி வைக்கிறார்கள். அதில் யானையும் சாகிறது, சாணி பொறுக்கப் போன பெண்ணும் சாகிறாள். உங்கள் மனுவை எழுதித் தருவதும் காட்டைக் காக்கிற வேலைதான்.

குடியாத்தம் மகளே, இந்தக் கடிதத்தையும் படித்திருப்பீர்கள். இவர் முகவரி பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. வனத்துறைப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கொல்லை இவருடையது, இவர் சம்மதித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு, நோட்டும் கயிறும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வாழையை எண்ணுங்கள்.