பயணப் பெட்டி: நாத்தனார் வீட்டு ஸ்கீயை வாங்கலாமா?

கேள்வி: இந்த டிசம்பர் கடைசியில் நான் (47), என் கணவர் (52), 11 வயது மகள் மூவரும் மிலானில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் போகிறோம். அங்கிருந்து வால் கார்டேனாவுக்குப் போய் 6 நாள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள அவன் ஏற்பாடு செய்திருக்கிறான். நாங்கள் யாரும் இதுவரை ஸ்கீயைத் தொட்டதுகூட இல்லை. என் நாத்தனாரின் கணவர் 2006-ல் ஜெர்மனியில் இருந்தபோது வாங்கிய 2 செட் ஸ்கீ, பூட்ஸோடு, அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. "வாடகைக்கு யூரோவைக் கொட்டாதீங்க, ரெண்டையும் 20,000 ரூபாய்க்கு எடுத்துக்கோங்க" என்கிறார். வாங்கலாமா? மகளுக்கு மட்டும் புதிதாக வாங்கலாமா? வேண்டாம் என்றால் அவரிடம் எப்படிச் சொல்வது?

– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. மூன்று பேருக்கும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

பணக் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் நாத்தனாரின் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வால் கார்டேனா இருக்கும் டோலமைட்ஸ் மலைகள் பக்கம் நான் கடைசியாகப் போனபோது ஸ்கீ, பூட்ஸ், கையில் ஊன்றும் கோல் எல்லாம் சேர்த்து 6 நாளுக்கு 140 யூரோ வாடகை கொடுத்தேன். இரண்டு பேருக்கு 28,000 ரூபாயைத் தொடும். 20,000 குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பரணிலிருந்து இறங்கும் ஸ்கீயை அப்படியே பனியில் வைக்க முடியாது. ஓரத்து இரும்பு விளிம்பு நம் ஊர் மழைக்காலங்களில் துருப்பிடித்திருக்கும். அதைத் தீட்டி, அடியில் மெழுகு தேய்க்க வேண்டும், அதற்கு இத்தாலியில்தான் கடை தேட வேண்டும். சில விமான நிறுவனங்கள் ஸ்கீக்குத் தனிக் கட்டணம் வாங்கும். மிலானிலிருந்து வெரோனாவில் ரயில் மாறி, போல்சானோவில் இறங்கி, பஸ் பிடித்து மலை ஏற வேண்டும். ஆள் உயரப் பைகள் இரண்டு, அதோடு உங்கள் பெட்டிகள், கையில் ஒரு குழந்தை.

இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். முழங்காலுக்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்கீயின் நடுவில் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பைண்டிங் என்ற பாகம் இருக்கிறது. அதன் முக்கியமான வேலை, விழும்போது விட்டுவிடுவது. கால் பக்கவாட்டில் முறுகினால் முன்பகுதி திறக்க வேண்டும். முன்னால் குப்புற விழுந்தால் குதிகால் பகுதி திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஒன்றரை மீட்டர் நீளப் பலகை நெம்புகோல் மாதிரி காலைத் திருப்பும், அந்தத் திருகல் முழுவதையும் முழங்கால் தாங்க வேண்டியிருக்கும். எவ்வளவு விசைக்குத் திறக்க வேண்டும் என்பதை ஓர் எண்ணில் வைப்பார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், நீங்கள் எவ்வளவு நிதானமாகச் சறுக்குகிறவர் என்பது, இவ்வளவையும் வைத்து அந்த எண் வரும். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு படி குறைத்து வைப்பது முறை. உங்கள் கணவர் அந்தக் கணக்கில் வருகிறார். கடையில் அவர் வயதைச் சரியாகச் சொல்லட்டும். எடையையும் யாரும் இரண்டு கிலோ குறைத்துச் சொல்ல வேண்டாம். எந்த நிலை என்று கேட்டால் மூவருமே "முதல் முறை" என்று சொல்லுங்கள்.

குல்மர்க்கில் நான் கற்றுக்கொண்ட காலத்தில் கூட வந்த அலுவலகத் தோழி ஒருத்தி, யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவளைவிட 20 கிலோ அதிகமான ஒருவருக்கு வைத்திருந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. நடக்கிற வேகத்தில்தான் விழுந்தாள். பைண்டிங் திறக்கவில்லை. முழங்காலுக்குள் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படியை அவள் மறுபடி ஏற ஒரு வருஷம் ஆயிற்று. இரவல் ஸ்கீ என்று யாராவது சொன்னாலே எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இருபது வருஷத்துப் பைண்டிங்கை அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். பழைய மாடல்களைத் தொட மறுக்கும் கடைகள் உண்டு, அது அவர்கள் பொறுப்புணர்ச்சி. ஸ்கீயை மட்டும் கொண்டுபோய், பூட்ஸை வாடகைக்கு எடுப்பதும் சரிப்படாது. இப்போது வாடகைக் கடைகளில் பெரும்பாலும் நடப்பதற்கு வசதியாக வளைந்த அடியுள்ள கிரிப்வாக் பூட்ஸ்தான். பழைய பைண்டிங் தட்டையான அடிக்குச் செய்தது. இரண்டும் சரியாகப் பொருந்தாது.

பூட்ஸ் கதை எனக்கே நடந்தது. 2008-ல் சாணக்கியபுரியில் நாடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் சாமான்களை விற்றபோது நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கினேன். ஆறு கோடை அதைப் பரணில் வைத்திருந்து, 2014-ல் ஆஸ்திரியாவுக்கு எடுத்துப் போனேன். பார்வைக்குப் புதிது மாதிரியே இருந்தது. இரண்டாம் நாள் சரிவின் நடுவில் குதிகால் பக்கம் பூட்ஸின் வெளி பிளாஸ்டிக் ஓடு வெடித்துத் துண்டு துண்டாக விழுந்தது. வயதாக ஆக, காற்று ஈரத்திலும் வெப்பத்திலும் அந்த பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே நைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலில் உடைந்த பூட்ஸோடு, ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, சறுக்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி அடிவாரம் வரை நடந்தேன். மே மாதத்து டெல்லிப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருபது மே மாதம் பார்த்த பூட்ஸ் அது.

மகளுக்குப் புதிது வேண்டவே வேண்டாம். 11 வயதில் பள்ளி ஷூவே ஒரு வருஷம் தாங்குவதில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஸ்கீயை நிறுத்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். இந்த வருஷ உயரம் அடுத்த வருஷம் இருக்காது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் சிறுவர் அளவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் தம்பியிடம் சொல்லி இப்போதே இணையத்தில் பதிவு செய்யுங்கள். முன்பதிவுக்குத் தள்ளுபடியும் கிடைக்கும்.

கடைக்கு முதல் நாள் காலையில் போகாதீர்கள், முந்தின நாள் சாயங்காலமே போங்கள். காலையில் கூட்டம், அவசரத்தில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். பூட்ஸ் அளவு பாதத்தின் நீளத்தை வைத்து, சென்டிமீட்டரில் இருக்கும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முட்ட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். நமக்கு இது இறுக்கமாகத் தோன்றும், செருப்பு போட்டுப் பழகிய கால். ஒரு அளவு பெரிதாகக் கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். உள்ளே கால் ஆடினால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது, நகமும் கறுத்துவிடும். ஒரே ஒரு மெல்லிய நீளமான சாக்ஸ் போதும். குளிர் என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் விறைக்கும். உள்ளே போடும் தெர்மல் பேண்டின் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. மாட்டிக்கொண்டு கடையிலேயே 10 நிமிஷம் நடங்கள். மறுநாள் வலித்தால் தயங்காமல் போய் மாற்றுங்கள், கடைக்காரர்களுக்கு அது தினப்படி வேலை.

ஹெல்மெட்டும் வாடகைக்கே எடுக்கலாம். இத்தாலியில் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம். அதே போல, நீங்கள் யார் மேலாவது மோதிவிட்டால் ஈடுகட்டும் காப்பீடு 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸ் வாங்கும்போதே அதைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேறு. பனிச்சறுக்கு விபத்தை விலக்கிவைக்கும் பாலிசிகள் நிறைய. இதைச் சேர்த்துத் தருகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டோலமைட்ஸ் முழுவதற்குமான பாஸ் 1,200 கிலோமீட்டர் தடங்களுக்குச் செல்லும். முதல் இரண்டு மூன்று நாள் உங்களுக்கு அது தேவையில்லை, பயிற்சிச் சரிவுக்கான சின்ன பாஸ் போதும். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். வால் கார்டேனாவின் ஓர்தீசே ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறினால் ஆல்ப்பே டி சியூசி என்ற பெரிய புல்வெளி மேடு வரும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவ்வளவு சாந்தமான சரிவுகள் அங்கே.

டெல்லியிலேயே வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: நீர் புகாத கையுறை, கண்ணுக்குப் போடும் பனிச்சறுக்குக் கண்ணாடி, ஆளுக்கு இரண்டு ஜோடி ஸ்கீ சாக்ஸ், பருத்தி இல்லாத உள்ளாடை. சரோஜினி நகர் ஜாக்கெட் டெல்லிக் குளிருக்குச் சரி, பனியில் விழுந்து எழுந்தால் நனைந்து கனத்துவிடும். மேல் ஜாக்கெட்டும் பேண்டும் டெகாத்லானில் பாருங்கள். மூன்றாவது முறை போவது உறுதியானால் உங்களுக்கென்று பூட்ஸ் மட்டும், கடையில் கால் அளந்து வாங்குங்கள். ஸ்கீயை அப்போதும் வாடகைக்கே எடுக்கலாம்.

நாத்தனாரின் கணவரிடம் விலையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். "அண்ணா, பைண்டிங்கை எங்க எடைக்கு மாத்தித் தர இங்க ஆள் இல்ல, அதான் பயமா இருக்கு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சறுக்கத் தெரிந்தவர், உடனே புரிந்துகொள்வார். பரணிலிருந்து ஒன்றை இறக்கி, அந்தக் கவ்வி எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று உங்கள் மகளுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.